கொட்டாஞ்சேனை சலூனில் ஒரு டகோட்டா இருக்கை

ஒரு துணியின் நிறம் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கொழும்புக்குப் போனேன். விமான நிலையத்தில் அதிகாரி வந்த காரணத்தைக் கேட்டபோது சுற்றுலா என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள்.

நானும் என் கணவர் முருகேசனும் திருச்சியில் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மாதிரி விமானம்தான், ஆனால் நிஜமாகவே பறக்கும். அசலில் எட்டில் ஒரு பங்கு. இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பன்னிரண்டு அடி. மொட்டைமாடிக் கொட்டகையில் இடம் போதாமல் ஒரு இறக்கையை மாடிப்படியில் சாய்த்து வைத்திருக்கிறோம். துணி காயப்போடப் போகிறவர்கள் அதன் அடியில் குனிந்துதான் போக வேண்டும்.

அது டகோட்டா. எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டை வண்டியை டகோட்டா என்று கிண்டல் செய்வோம். அந்தப் பெயருக்கு உரிய விமானமோ கிண்டலுக்கு ஆளாகக் கூடியதே இல்லை. இரண்டு எஞ்சின், உருண்டை மூக்கு, தரையில் நிற்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாய்வு. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி ஏறி, எங்கள் திருச்சிக்கு வந்து போன விமானம். கட்டினால் அதையே கட்டுவது என்று இருவரும் முடிவு செய்தோம்.

முருகேசனுக்கு லேத் பட்டறை. உலோகமும் மரமும் அவர் பொறுப்பு. நான் பல்செட் செய்யும் லேப் நடத்துகிறேன். உள் அலங்காரம் என் பொறுப்பு. பயணிகள் இருக்கைகளைப் பல்செட்டுக்கு ஊற்றும் பொருளிலேயே ஊற்றினேன். அதனால் எங்கள் டகோட்டாவின் இருக்கைகள் எல்லாம் அப்போது ஈறின் நிறத்தில், ஆரோக்கியமான இளஞ்சிவப்பில் இருந்தன. எங்களைப் போன்ற பைத்தியங்கள் கூடும் போட்டிகளில் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்க்கும் நடுவர்கள் உண்டு. நிறத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். கிடைத்த புகைப்படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

பழைய விமானப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் நான் இதைப் புலம்பியபோது, ஷாமினி என்று ஒருவர் பதில் எழுதினார். "என் அம்மா அந்த விமானத்தில் ஹொஸ்டஸாக இருந்தவர். வெள்ளவத்தையில் இருக்கிறார். நானும் இப்போது அங்கேதான். வந்தால் அம்மாவுக்கும் நல்லது." கடைசி வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

வெள்ளவத்தை எனக்குப் பிடித்துப்போனது. காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதி, திருச்சியின் சின்னக்கடை வீதி போலவே இரைந்துகொண்டிருக்க, அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் நிமிர்ந்து நிற்கிறது. சேலைக்கடை, நகைக்கடை, மீன்கடை, பிறகு திடீரென்று கடல். அதற்கும் வீடுகளுக்கும் நடுவே ரயில் போகிறது. முதல் நாள் சாயங்காலம் ரயில் கடந்தபோது, அதன் திறந்த கதவுகளுக்குள்ளே அந்தப் பக்கத்துச் சூரியன் விட்டு விட்டு எரிந்தது. நான் ஒழுங்கை நடுவே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தார். எங்கள் ஊராக இருந்தால் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள்.

ஷாமினியின் அம்மா யோகராணி அன்ரியின் வீடு ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். எழுபதைத் தாண்டிய பெண்மணி. கத்தரித்த வெள்ளை முடி, நீளமான கழுத்து. கதவைத் திறந்ததும் என் தோள்பையைத் தானே வாங்கி வைத்தார். "வாங்கோ, வாங்கோ. ஃப்ளைட் எப்பிடி? ஆட்டமோ?" என்றார். அந்தக் கேள்வியை அவர் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார் போலிருந்தது.

மகள் ஷாமினி மெல்பேர்ணில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். இடியப்பமும் பால்சொதியும் வைத்தார்கள். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்றேன். அன்ரி முகத்தைச் சுளித்து, "அது குழந்தைப் பிள்ளையளுக்கு. கொஞ்சம் சம்பல் வச்சுச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்றார். காரம் காதுவரை ஏறியது.

சாப்பிட்ட பிறகு அன்ரி கண்களை மூடிக்கொண்டு அந்த விமானத்துக்குள் என்னைக் கூட்டிப்போனார். வால்பக்கக் கதவு. உள்ளே ஏறினால் மேடு, மலை ஏறுவதுபோல மூக்குப் பக்கம் நடக்க வேண்டும். கதவுக்கு இடப்புறம் பலகாரத் தட்டுகள் வைக்கும் அலமாரி. மழைக்காலத்தில் ஒரு ஜன்னல் ஒழுகும். அதன் பக்கத்தில் குண்டானவர்களை உட்கார வைக்க மாட்டார்களாம், எழுந்து மாற அவர்களுக்குச் சிரமம் என்று. நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அறையே மெல்ல மேலே எழும்புவது போல இருந்தது.

"இருக்கைத் துணி என்ன நிறம், அன்ரி?"

"பச்சை," என்றார் உடனே. "இளம் பச்சை. வாழைக்குருத்து எப்பிடி இருக்கும்? அப்பிடி."

நான் ஷாமினியைப் பார்த்தேன். அவர் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல.

கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்த ஷாமினி தாழ்ந்த குரலில் சொன்னார். "அம்மா போன மாசம் ரெண்டு தரம் காஸ் அடுப்பை நிப்பாட்ட மறந்திட்டா. கேத்தில் எரிஞ்சு கரியாப் போச்சு. டொக்டரிட்ட வாங்கோ எண்டா வரமாட்டா. என்னோட மெல்பேர்ணுக்கு வாங்கோ எண்டாலும் வரமாட்டா. உங்களை வரச் சொன்னது அவதான். 'அந்தப் பிள்ளை கேக்கட்டும், நான் சொல்லுறன், பிறகு சொல்லு எனக்கு ஞாபகம் இல்லையெண்டு' எண்டு சவால் விட்டவ."

ஆக நான் ஆராய்ச்சிக்கு வந்தவள் மட்டுமல்ல. எனக்கே தெரியாமல் பரீட்சைத் தாளாகவும் வந்திருக்கிறேன்.

மறுநாள் இரத்மலானைக்குப் போனேன். அங்கே பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான் என்றார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அலைகள் தண்டவாளத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் மோதி, உப்புத் தூறல் முகத்தில் பட்டது. எதிரே ஒரு பெண் மடியில் பூசணிக்காயுடன் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கண் விழித்தபோது கடலைக் காணோம், பெயர்ப்பலகையில் பாணந்துறை என்றிருந்தது. நான் ஏறியது இடையில் அதிகம் நிற்காத ரயிலாம். பூசணிக்காய்ப் பெண்ணையும் காணோம்.

திரும்பி வரும் ரயிலுக்காக மேடையில் உட்கார்ந்து மாலு பணிஸ் தின்றேன். மீனும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்த முக்கோணப் பன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னதை, அவள் எனக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: "இறங்க வேண்டிய இடத்தில் இறங்காதவர்களுக்குத்தான் நல்ல காற்று கிடைக்கிறது என்கிறார்."

அருங்காட்சியகத்தில் டகோட்டா இருந்தது. கொட்டகையின் அரை இருட்டில், வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி. எட்டில் ஒரு பங்கையே ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முழுசைப் பார்த்ததும் தலை சுற்றியது. நான்தான் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டேன் என்று தோன்றியது. சக்கரத்தைத் தொட அனுமதி கேட்டுத் தொட்டேன். ரப்பர் சில்லென்று இருந்தது.

ஆனால் அது படையில் ஓடிய விமானம். உள்ளே சுவரோரம் நீளப் பெஞ்சுகள்தான். பயணிகள் இருக்கை இல்லை, துணி இல்லை. என் முகம் வாடியதைப் பார்த்த காவலர், உடைந்த தமிழில், "சீட்டா? சீட் கொட்டாஞ்சேனையில் இருக்கு. பார்பர் கடை. என் மச்சான் அங்கதான் முடி வெட்டுறது. பிளேன் சீட்ல உக்காந்து பேப்பர் வாசிக்கிறேன்னு பெருமை அடிக்கிறான்" என்றார்.

அடுத்த நாள் பஸ் பிடித்தேன். வெள்ளவத்தையில் ஏறி, கடற்கரைத் திடலைத் தாண்டி, கோட்டையின் நெரிசலில் ஊர்ந்து, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வீடுகளுக்கு மேலே ஒட்டகச்சிவிங்கிகள் போல எட்டிப் பார்க்கும் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தேன். ஒரே தெருவில் மாதா சொரூபமும் பிள்ளையார் கோயிலும் நகைக்கடையும் கருவாட்டுக் கடையும். தேவாலயத்தின் பெரிய குவிமாடம் வெயிலில் வெளிறிப்போய், கூரைகளுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. விசாரித்த இரண்டாவது ஆளே, "பிளேன் சலூன்தானே?" என்று கை காட்டினார்.

ஆண்களின் சலூனுக்குள் ஒரு பெண் நுழைந்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. வந்த காரியத்தைச் சொன்னேன். முதலாளி சந்திரன், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், பெரிதாகச் சிரித்தார். "நம்ம ஊருலேர்ந்தா வர்றீங்க? எங்க தாத்தா துறையூர்ப் பக்கம் மேடம். இது அப்பா எடுத்தது. பிளேனெல்லாம் ஒடச்சி வித்தாங்கல்ல, அப்ப லொறியில போட்டுக் கொண்டாந்தாரு. இருங்க, பிளேன் டீ ஒண்ணு சொல்றேன்." பாலில்லாத் தேநீருக்கு அங்கே அதுதான் பெயர். அவர் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். எல்லோரிடமும் சொல்லும் வேடிக்கை போலிருக்கிறது.

சுவரோரம் அது இருந்தது. இரண்டு பேர் உட்காரும் இணை இருக்கை. கால்களின் வளைவு, கைப்பிடியின் சரிவு, பின்பக்கச் சட்டத்தின் துளைகள் எல்லாமே நான் புகைப்படத்தில் மனப்பாடம் செய்தவை. நிறம் மட்டும் இல்லை. மேலே தவிட்டு நிற ரெக்சின் போர்த்தியிருந்தது. அதன் கீழே சிவப்பு ரெக்சின், அதற்கும் கீழே அசல் துணி இருக்கலாம் என்றார் சந்திரன். அப்பா எதையும் கழற்ற மாட்டாராம், மேலே மேலே போர்த்துவார்.

"கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாமா?"

சிரிப்பு அடங்கியது. "மேடம், இந்தக் கடைக்குப் பேரே இதுலதான். பழைய தையல், பிரிச்சா நாறிப்போயிரும். வேணாம்."

நான் என் போனை எடுத்து எங்கள் விமானத்தைக் காட்டினேன். எலும்புக்கூடாக நிற்கும் உடல், படிக்கட்டில் சாய்ந்த இறக்கை, ஈறு நிற இருக்கைகள். காத்திருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். சந்திரன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் விரல் இருக்கைகளில் நின்றது.

"இது நம்ம சீட்டா?"

"உங்க சீட்டுதான். அளவு மட்டும் சின்னது."

அவர் நாடியைத் தடவினார். "திங்கக்கிழமை வாங்க. கூட்டம் கம்மியா இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பிரிப்போம். நானே திருப்பித் தச்சிக்கிறேன்."

நடுவே ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல் தாளாகி, கோடு எங்கே என்று தெரியவில்லை. பாண் எனப்படும் ரொட்டியை விற்கும் ஓட்டோ ஒன்று தன் மணி இசையை ஒலித்துக்கொண்டு நனைந்த தெருவில் போனது. மழை விட்டதும் யோகராணி அன்ரி என்னைக் கடலோரத்துக்கு நடக்கக் கூப்பிட்டார். மகள் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும்.

சலூன் இருக்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"நானும் வாறன். ஷாமினியும் வரட்டும். அவவின்ர கண்ணுக்கு முன்னால பிரிக்கட்டும்."

"அன்ரி, ஒருவேளை…"

"ஒருவேளை ஒண்டும் இல்லைப் பிள்ளை. அது பச்சை." பிறகு, ரயில் ஒன்று கடந்து போய் அதன் சத்தமும் தேய்ந்த பிறகு, வேறு குரலில் சொன்னார். "காலமை என்ன சாப்பிட்டனான் எண்டு சில நேரம் யோசிக்கோணும். ஆனா அந்தப் பிளேன் அப்பிடியே இருக்கு. அதுக்குள்ள போனா நான் எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு நடப்பன். அது ஒரு இடமாவது எனக்கு மிச்சம் இருக்கெல்லோ?"

திங்களன்று மூன்று பெண்கள் சலூனுக்குள் நுழைந்தோம். சந்திரன் கண்ணாடிக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றியிருந்தார். இருக்கையின் வலது பாதி காலியாக இருந்தது. இடது பாதியில் ஒரு பருமனான சிங்கள ஆள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். எழுந்தால் தன் முறை போய்விடும் என்று அவர் நகர மறுத்துவிட்டார். சரி, அந்தப் பக்கம் தேவையில்லை என்றோம். அன்ரிக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். நீலக் கைத்தறிச் சேலையில், முதுகை நிமிர்த்தி, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போல உட்கார்ந்தார்.

சந்திரன் சவர பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். தவிட்டு ரெக்சின் மடங்கியது. அடியில் சிவப்பு. அதன் தையல் தொட்டதுமே உதிர்ந்தது. பஞ்சுத் தூசி பறந்து எல்லோரும் தும்மினோம். அதற்கும் கீழே, கனமான கம்பளித் துணி ஒன்று தெரிந்தது. கடையின் குழல்விளக்கில் அதன் நிறம் எனக்குப் பிடிபடவில்லை. இருபது வருடமாகப் பல்லின் நிறம் பார்க்கிற தொழில் என்னுடையது. குழல்விளக்கை நான் நம்ப மாட்டேன். ஓரத்தில் தொங்கிய ஒரு கிழிசலைச் சந்திரன் கத்தரித்துக் கொடுக்க, அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு, வெயிலுக்குப் போனேன்.

நீலம்.

மங்கிய, புழுதி படிந்த நீலம். பச்சை வெளுத்து இப்படி ஆகியிருக்குமோ என்று தையலுக்குள் மடிந்திருந்த விளிம்பைப் பிரித்தேன். வெளிச்சமே படாத இடம் அது. அங்கே நிறம் புத்தம் புதிதாக இருந்தது. இன்னும் ஆழ்ந்த நீலம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரு என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அன்ரியின் குரல் வந்தது. "பச்சைதானே பிள்ளை?"

பொய் சொல்லலாம். "கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி இருக்கு அன்ரி" என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஷாமினிகூட மறுக்க மாட்டார். ஆனால் அந்த வீட்டில் ஒரு காஸ் அடுப்பு இருக்கிறது.

"நீலம், அன்ரி."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தேன். அவர் கையை நீட்டினார். துண்டை வாங்கி, மடியில் வைத்து, விரலால் நீவினார். தன் சேலையோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். "ஓம். நீலம்தான்," என்றார். ஷாமினி அவர் தோளைத் தொட்டபோது, அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் இருக்கையின் இடப்பக்கம் போய் நின்றார். செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த ஆளின் பக்கத்தில். "நான் இந்தப் பக்கம்தான் நிப்பன்," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடித்து இறங்கி, முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டே, வலது கையை இருக்கையின் அடியில் கொண்டுபோனார். கை தேடவில்லை. நேராகப் போனது. மணிக்கட்டு ஒரு திருகு திருகியது.

துருவின் நீண்ட முனகல் ஒன்று கேட்டது. அடுத்த கணம் இருக்கையின் முதுகு பின்னால் சாய, அந்தப் பருமனான ஆள் செய்தித்தாளோடு மல்லாந்தார். இரண்டு செருப்புகளும் அந்தரத்தில் நின்றன.

சந்திரனின் கையிலிருந்து பிளேடு விழுந்தது. "ஐயோ! இது சாயுமா? அப்பா காலத்துலேர்ந்து… நான் அதை வளைஞ்ச கம்பின்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!"

மல்லாந்தவர் கூரையைப் பார்த்தபடியே சிங்களத்தில் ஏதோ கேட்டார். கடையே வெடித்துச் சிரித்தது. எனக்கு ஷாமினி சொன்னார்: "எந்த ஊர் வந்திட்டுது எண்டு கேக்கிறார்."

அன்ரி சிரிக்கவில்லை. வேலையில் இருந்தார். மல்லாந்தவரின் முழங்கைக்குக் கீழே கை கொடுத்து, சிங்களத்தில் மிருதுவாக மன்னிப்புக் கேட்டு, அதே கம்பியைத் தொட்டு, முதுகை நிமிர்த்தினார். அந்த ஆள் சிறுபிள்ளை போல நிமிர்ந்தார். "எழும்புறதுக்கும் இறங்குறதுக்கும் முதல் இது நேரா இருக்கோணும்," என்று என்னிடம் சொன்னார். "அதைச் செய்து வைச்சனீங்களோ உங்கட பிளேன்ல?"

இல்லை. எந்தப் புகைப்படத்திலும் அது தெரியவில்லை. நான் தரையில் படுத்து, அந்தக் கம்பியை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன். எழுந்தபோது ஷாமினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

திரும்பி வர ஓட்டோ பிடித்தோம். மூன்று பேரும் பின்னால் நெருங்கி உட்கார்ந்தோம். கடற்கரைத் திடல் வந்ததும் அது இருமி, உதறி, நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போய், எஞ்சினிடம் சிங்களத்தில் கெஞ்சத் தொடங்கினார். நாங்களும் இறங்கினோம். தள்ளுவண்டியில் இறால் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டையான பருப்பு வடையின் மேல் முழு இறால்கள், மீசையோடு. மேலே வெங்காயமும் காரக் குழம்பும். திருச்சியில் வடை மேல் யாராவது இறாலை உட்கார வைத்தால் ஊர்ப் பஞ்சாயத்தே கூடும். நான் இரண்டு தின்றேன்.

கடல் பொன் நிறமாகிக்கொண்டிருந்தது. பட்டங்கள் பறந்தன. அன்ரி வடையைப் பிய்த்து வாயில் போடாமல் கையில் வைத்திருந்தார்.

"ஷாமினி, நான் டொக்டரிட்ட வாறன். மெல்பேர்ணுக்கும் வாறன்."

அதே மூச்சில் ஷாமினியும் தொடங்கியிருந்தார். "அம்மா, நீங்க இஞ்சையே இருங்கோ. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான்தான் அவசரப்பட்டிட்டன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லைப் பிள்ளை. இவ்வளவு காலமும் பச்சை எண்டு நம்பிக்கொண்டு இருந்திருக்கிறன். கண்ணை மூடினா இப்பவும் பச்சைதான். அடுப்பை நிப்பாட்டிப்போட்டன் எண்டும் அப்பிடித்தானே நம்புறன்."

"ஆனா அந்தக் கம்பி அம்மா! ஒருத்தருக்கும் தெரியாத கம்பி!"

"கம்பி கைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

ஒரு மாதமாக ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது பக்கம் மாறி இழுத்தார்கள். தாய் போகிறேன் என்றார், மகள் வேண்டாம் என்றார். குரல் உயர்ந்தது. வடைக்காரர் இரண்டு தாள்களில் கூடுதலாக வெங்காயம் வைத்துக் கொடுத்துவிட்டு, இது நமக்கு வேண்டாத விவகாரம் என்பதுபோல எண்ணெயைப் பார்த்தார். நான் கொஞ்ச தூரம் நடந்து கடலைப் பார்த்து நின்றேன். திரும்பியபோது இருவரும் ஒரே தாளிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாமினியின் கன்னம் நனைந்திருந்தது. காரம் என்றார். ஓட்டோ கிளம்பியது.

மறுநாள் நான் கிளம்பும்போது அன்ரி சீனிச் சம்பல் ஒரு போத்தல் கட்டிக் கொடுத்தார். லிஃப்ட் கதவு மூடும்முன் என் கையைப் பிடித்தார். "எனக்காண்டிப் பச்சை அடிக்கப் பாக்காதேங்கோ. நீலத்திலயே அடியுங்கோ. பிழை விட்டது நான், பிளேன் இல்லை."

நான் உண்மையில் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு வரிசை பச்சை, யாருக்கும் தெரியாமல். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்து எல்லா இருக்கைகளுக்கும் நீலம் அடித்தேன். முருகேசன் நறுக்கிய ஊசித் துண்டுகளால் ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கம்பியை வைத்தார். எந்த நடுவரின் டார்ச்சும் அங்கே போகாது. சந்திரனுக்குப் படம் அனுப்பினேன். அவர் பதிலுக்கு, இருக்கையைச் சாய்த்துப் போட்டு ஒருவருக்குச் சவரம் செய்யும் படத்தை அனுப்பினார்.

வைத்தியர் பார்த்துவிட்டு, மறதி நோயின் ஆரம்பம்தான், ஆனால் ஆரம்பித்துவிட்டது என்றாராம். அன்ரி தானே முடிவு செய்து மெல்பேர்ண் போனார். அங்கிருந்து எனக்குக் குரல் செய்திகள் அனுப்புவார். சிலவற்றில் விமானம் இருக்கும், சிலவற்றில் நான் யார் என்று தேடுகிற ஒரு தயக்கம் இருக்கும். பிறகு "திருச்சிப் பிள்ளை" என்று பிடித்துக்கொள்வார்.

எங்கள் டகோட்டா முதல் முறை பறந்தது ஒரு காலை நேரத்தில், ஊருக்கு வெளியே வற்றிப்போன ஏரிப் படுகையில். காற்று எழுந்திருக்கவில்லை. புழுதி தரையோடு படுத்திருந்தது. முருகேசன் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேர்வை வழிய நின்றார். நான் போனில் வீடியோ அழைப்பில் மெல்பேர்ணைப் பிடித்து வைத்திருந்தேன். சின்னத் திரையில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அன்ரி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கே பார்க்கிறார் என்று புரியவில்லை. முகத்தில் எதுவும் இல்லை.

எஞ்சின்கள் இரண்டும் பிடித்தன. மூக்கை உயர்த்தியிருந்த விமானம் ஓட ஓட வால் எழும்பி, உடல் சமமானது. சக்கரங்களின் கீழே புழுதி விலகியது. எழும்பியது. எட்டில் ஒரு பங்கு என்பது வானத்துக்குப் போனதும் மறைந்துவிட்டது. அங்கே ஒரு டகோட்டா, சூரியனின் பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது போனிலிருந்து குரல் கேட்டது. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இருக்கைப் பட்டியை அணிந்துகொள்ளுமாறும், இருக்கையின் முதுகை நேராக வைத்துக்கொள்ளுமாறும், இன்னும் சிறிது நேரத்தில் திருச்சிராப்பள்ளியில் இறங்கவிருப்பதாகவும். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. இளம் பெண்ணின் குரல் போலிருந்தது.

திரைக்கு வெளியே எங்கிருந்தோ ஷாமினி கேட்டார். "அம்மா, ஆரோட கதைக்கிறீங்கள்?"

"பயணிகளோட," என்றார் அன்ரி.

நான் போனை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன்.